கைலாசம் நீட்டிய கை

என் மச்சான் கைலாசத்திடம், "உங்களுக்கு எந்த ஊருங்க?" என்று யாரும் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் அன்றைய பொழுது போச்சு. பிறந்தது திருச்செங்கோட்டுக்குப் பக்கத்தில் கரட்டுப்புதூர் என்று ஆரம்பிப்பான். இருப்பது தான்சானியாவில் டொடோமா என்பான். இருந்தாலும் அது ஊர் இல்லைங்க, பொழப்பு என்பான். அப்புறம் அவனே யோசித்து, பதினேழு வருசம் இருந்த இடத்தை ஊர் இல்லை என்று எப்படிச் சொல்வது என்று கேட்ட ஆளையே திருப்பிக் கேட்பான். கேட்டவர் பஸ் வந்துவிட்டது என்று நழுவிவிடுவார். நான் எங்கே நழுவுவது? கட்டிக்கொண்டது அவன் தங்கை பெரியநாயகியை.

என் பெயர் அர்த்தநாரி. திருச்செங்கோட்டில் ரிக் வண்டிகளுக்குக் கம்ப்ரசர் பழுது பார்க்கும் பட்டறை வைத்திருக்கிறேன். எனக்குக் கோபம் ஜாஸ்தி என்று நாலு பேர் சொல்வார்கள். பொய் இல்லை. ஆனால் கைலாசத்தோடு முப்பது வருசம் பழகினால் யாருக்கும் வரும்.

நானும் அவனும் பத்தொன்பது வயதில் ஒரே ரிக் வண்டியில் ஏறினவர்கள். ஆழ்துளைக் கிணறு போடும் வண்டி. சத்தீஸ்கர், ராஜஸ்தான் என்று ஆறு மாதம், எட்டு மாதம் வீட்டுப் பக்கமே வராமல் சுற்றினோம். மண் தூசியை உண்டு, வண்டிக்கு அடியில் தூங்கி, ஊர் போய்ச் சேர்ந்தால் போதும் என்று இருவரும் சேர்ந்து புலம்பின காலம் அது. அப்புறம் எங்கள் முதலாளி ஆப்பிரிக்காவுக்கு வண்டி அனுப்பினார். எங்கள் இரண்டு பேருக்கும் பாஸ்போர்ட் எடுத்தார்கள். பெரியநாயகி அப்போது மாசமாக இருந்தாள், நான் நின்றுவிட்டேன். இரண்டே வருசம் என்று சொல்லிவிட்டு அவன் போனான். என் பாஸ்போர்ட் இன்னும் பீரோவில் ஒரு முத்திரைகூட விழாமல் கிடக்கிறது. அதைப் பார்த்தால் வருத்தமா என்று கேட்டால், வருத்தம்தான். மறைத்து என்ன ஆகப்போகிறது.

அவனும் அங்கே பெரிய முதலாளி ஆகிவிடவில்லை. அதே ரிக், அதே தூசி, பெயருக்கு ஃபோர்மேன். ராசிபுரத்துப் பெண் ஜெயப்பிரியாவைக் கட்டிக் கூட்டிப் போனான். மகள் அபிநயா இப்போது பத்தாவது படிக்கிறாள். நம் பக்கத்துக் குடும்பங்கள் அங்கே இருபது இருக்கின்றன. பொங்கலுக்கு வண்டி நிறுத்தும் கொட்டகையில் கூடிப் பானை வைப்பார்களாம். ஞாயிற்றுக்கிழமை ஆனால் எனக்குப் போன் வந்துவிடும். மழை பெய்ததா, யார் காட்டில் தென்னை சாய்ந்தது, யார் மகளுக்கு மாப்பிள்ளை வந்தது. கரட்டுப்புதூரில் ஓர் எருமை கன்று போட்டால் எனக்கு முன்னால் டொடோமாவுக்குத் தெரியும். எல்லாம் அந்த வாட்ஸ்அப் செய்கிற வேலை.

சரி, இவ்வளவு உருகுகிறவன் ஊருக்கு வந்தால் நிம்மதியாக இருப்பான் என்றுதானே நினைப்போம்? மூன்றாம் நாளே, "அங்க இந்நேரம் காத்து சில்லுன்னு அடிக்கும் மாப்ள" என்பான். சொல்லிவிட்டு முகம் சுருங்கி, ஏதோ திருடிவிட்டவன் மாதிரி அம்மாவைத் திரும்பிப் பார்ப்பான். ரிக் வண்டியாவது போன இடத்தில் ஜாக்கி ஊன்றி நிற்கும். இவனுக்கு அதுவும் இல்லை.

இந்தப் பங்குனியில் அவன் தனியாக வந்தான். என் மாமியார் பழனியம்மாளுக்கு ஒரு கண்ணில் புரை. சேலத்தில் அறுவைச் சிகிச்சை. அத்தோடு இன்னொரு ஆசையும் இருந்தது. மாரியம்மன் நோம்பித் திருவிழாவில் கம்பம் நடும் நாளில் ஊரில் இருக்க வேண்டும் என்று கணக்குப் போட்டு லீவு வாங்கியிருந்தான். பதினேழு வருசமாக அவன் அதைப் பார்க்கவில்லை.

கரட்டுப்புதூர் நோம்பிக்கு ஒரு கட்டுப்பாடு உண்டு. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் கோயிலுக்கு முன்னால் மூன்று கிளை உள்ள மரக் கம்பத்தை நடுவார்கள். அன்றைக்கு வீட்டுக்கு ஓர் ஆண், பூசாரி கையால் மஞ்சள் கயிறு கட்டிக்கொள்ள வேண்டும். அதுதான் காப்பு. கட்டிக்கொண்டவன் பதினைந்தாம் நாள் கம்பத்தைப் பிடுங்கும்வரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. மேற்கே ஏரிக்கரை, கிழக்கே தார் ரோட்டுப் பாலம். அவ்வளவுதான் உலகம். வீட்டில் உள்ள மற்றவர்கள் பகலில் வெளியே போகலாம், பொழுது சாயத் திரும்பிவிட வேண்டும். வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கட்டுப்பாடு எதுவும் கிடையாது. வரலாம், கும்பிடலாம், போகலாம். நான் அந்த வீட்டு மாப்பிள்ளையாகி இருபது வருசம் ஆகிறது. என்னை யாரும் ஒருநாளும் நிறுத்தியதில்லை.

அன்றைக்குச் சாயங்காலம் நானும் கூட்டத்தில் நின்றேன். மேளம் அடிக்கிறார்கள், பெண்கள் மஞ்சள் தண்ணீர்க் குடத்தோடு நிற்கிறார்கள். கம்பம் குழிக்குள் இறங்கியது. பூசாரி ஆண்டி தட்டில் கயிறுகளை வைத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறவர்களுக்குக் கட்டிக்கொண்டே வந்தார். கைலாசம் என் பக்கத்தில்தான் நின்றிருந்தான். திடீரென்று இரண்டடி முன்னால் போனான். சட்டைக் கையை மடக்கினான். வலது கையை நீட்டினான்.

ஆண்டி அவன் முகத்தைப் பார்த்தார். கையைப் பார்த்தார். ஒரு கயிற்றை எடுத்துக் கட்டிவிட்டு அடுத்த ஆளிடம் போய்விட்டார். கைலாசம் என்னிடம் திரும்பி வந்தபோது கண் கலங்கியிருந்தது. இரண்டு பேரும் தேங்காய் பழம் வாங்கிக்கொண்டு வீட்டுக்கு நடந்தோம்.

வாசலில் நின்ற பெரியநாயகி அவன் கையைப் பார்த்ததும் கேட்டாள்.

"ஏண்ணா, உனக்கு அடுத்த வியாழக்கிழமை டிக்கெட்டு இல்ல?"

அப்போதுதான் எங்கள் இரண்டு பேருக்கும் உறைத்தது. அவன் விமானம் பத்தாம் நாள். கம்பம் பிடுங்குவது பதினைந்தாம் நாள். டிக்கெட்டை மாற்றினால் போகிறது என்று சொல்லலாம். ஆனால் பதினான்காம் நாளான திங்கட்கிழமை அவன் டொடோமாவில் நேரில் போய் விரல் ரேகை வைத்தால்தான் வேலை அனுமதி இன்னும் இரண்டு வருசத்துக்கு நீளும். அந்தத் தேதி தவறினால் அவன் மட்டும் இல்லை, ஜெயப்பிரியாவும் அபிநயாவும் அங்கே இருக்க முடியாது. அபிநயாவுக்கு மே மாதம் இறுதிப் பரீட்சை. ஒரே ஒருநாள் வித்தியாசம். அந்த ஒருநாளில் மூன்று பேருடைய இருப்பு.

மாமியார் கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். மகன் கையில் இருந்த கயிற்றைப் பார்த்தார்.

"சோறு ஆறுது, உக்காருங்க ரெண்டு பேரும்" என்றார்.

மறுநாள் காலையில் நான் சொன்னேன்.

"மச்சா, இதுல யோசிக்க என்ன இருக்குது? பூசாரிகிட்டப் போ. இன்ன மாதிரி ஆயிப்போச்சு, என்ன பண்றதுன்னு கேளு. அவங்க சாமிகிட்டப் பூ போட்டுப் பாத்துச் சொல்வாங்க."

"கேக்கலாம்" என்றான்.

"அப்பறம் என்ன, கெளம்பு."

"கேட்டு, கழட்டக் கூடாதுன்னு சொல்லிட்டா?"

"சொல்லிட்டா அதுக்கு ஒரு வழி பாப்போம்."

அவன் கயிற்றை உருட்டிக்கொண்டே இருந்தான். "கழட்டிக்கன்னு சொல்லிட்டா?" என்றான்.

எனக்குப் புரியவில்லை. கழற்றச் சொன்னால் நல்லதுதானே, கழற்றிவிட்டுப் போய்ச் சேரலாமே என்றேன். அவன் மாட்டுத் தொட்டியைக் கழுவப் போய்விட்டான். அந்த வீட்டில் மாடு இல்லை. வெறும் தொட்டி. அதை அரைமணி நேரம் தேய்த்தான்.

அன்றிலிருந்து அவன் பாலத்துப் பக்கமே போகவில்லை. நான் தினமும் பட்டறையைப் பூட்டிவிட்டு, பெரியநாயகியையும் கூட்டிக்கொண்டு சாயங்காலம் வந்து பார்த்துவிட்டுப் போவேன். போகும்போதெல்லாம் அவன் வீட்டில்தான் இருப்பான். முன்பெல்லாம் வந்தால் ஒரு நாள் நாமக்கல், ஒரு நாள் சேலம், ஒரு நாள் ராசிபுரம் மாமனார் வீடு, நடுவில் நாலு கல்யாணம், இரண்டு துக்கம் என்று காலில் சக்கரம் கட்டியிருப்பான். பெட்டி நடு வீட்டில் வாயைத் திறந்தபடியே கிடக்கும். இந்தத் தடவை அந்தப் பெட்டியைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டான். அம்மாவுக்கு நாலு வேளை கண்ணில் மருந்து விட்டான். மோட்டாரைப் பிரித்துப் போட்டு மாட்டினான். காலையில் பெண்களோடு பெண்களாகக் குடம் தூக்கிக் கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றினான். மத்தியானம் அம்மாவும் மகனும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். அவன் சித்தப்பா மகன் குமரன் காலையும் மாலையும் பால் கொண்டு வந்து ஊற்றுவான். அவனும் காப்புக் கட்டினவன் என்பதால் பால் சொசைட்டிக்குப் போக முடியாமல் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்து ஊர்க்கதை பேசிவிட்டுப் போவான்.

நான்காம் நாள் கைலாசம் வேறு மாதிரி பேசினான்.

"ஊருல ஆளே இல்ல மாப்ள. காலைல ஒம்பது மணிக்கு மில்லு வேன் வந்து பொம்பளைங்களை ஏத்திட்டுப் போயிருது. காப்புக் கட்டாத ஆம்பளைங்க வண்டிக்குப் போயிர்றாங்க, கட்டுனவங்க ஊட்டுக்குள்ளயே தறி ஓட்டறாங்க. டீக்கடைல ரெண்டு பேரு உக்காந்துட்டுப் போனைப் பாத்துட்டு இருக்கறாங்க. பேசறதுக்கு ஒரு நாதி இல்ல."

"நீயே இல்லாத ஊர்ல வேற யாரு உக்காந்துட்டு இருக்கோணும்னு நெனச்ச?" என்று கேட்டுவிட்டேன்.

கேட்டது தப்புதான். கேட்டதும் அவன் முகம் போன போக்கைப் பார்த்து எனக்கே சங்கடமாகிவிட்டது. ஆனால் திருப்பி வாங்க முடியுமா?

ஆறாம் நாள் ஜெயப்பிரியாவின் போன். சார்ஜரில் கிடந்த போனை அவன் ஸ்பீக்கரில் போட்டதால் எங்கள் எல்லோருக்கும் கேட்டது.

"மாமா, என்னதான் முடிவு பண்ணியிருக்கறீங்க?"

"பாக்கறேன்."

"என்னத்தப் பாக்கறீங்க? நானும் அதே மாரியம்மனைக் கும்புடறவதானுங்க. சாமி விசயத்துல நான் குறுக்க பேசல. ஆனா இங்க ஒரு புள்ள ராவும் பகலும் படிச்சுட்டு இருக்குது. அப்பா வந்துருவாரான்னு கேக்குது. நான் என்னன்னு சொல்லட்டும்?"

"வந்துருவாருன்னு சொல்லு" என்றான். உடனே, "இல்ல, பாக்கலாம்னு சொல்லு" என்றான்.

ஜெயப்பிரியாவின் குரல் மாறியது. அப்புறம், "உங்களுக்கு அந்த ஊரு வேணும்னா நேரா அப்படிச் சொல்லிருங்க மாமா. கயித்து மேல பழியப் போடாதீங்க" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டாள். ராசிபுரத்துக்காரி. சரியான இடத்தில் அடித்தாள். என் மாமியார் தலையைக் குனிந்துகொண்டு முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார்.

அன்றைக்கு அவனை ஏரிக்கரைக்குக் கூட்டிப் போனேன். மேற்கு எல்லை அதுதான். மதகுக்கு இந்தப் பக்கமே உட்கார்ந்தோம்.

"மச்சா, ஒண்ணு கேக்கறேன். ஒழுங்காப் பதில் சொல்லு. அன்னிக்குக் கை நீட்டும்போது டிக்கெட்டு நெனப்பு உனக்கு இருந்துச்சா, இல்லையா?"

ரொம்ப நேரம் மண்ணைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"அதத்தான் நானும் ஆறு நாளா யோசிக்கறேன் மாப்ள. மறந்து நீட்டுனனா, தெரிஞ்சே நீட்டுனனா, எனக்கே தெரியல. மேளம் அடிச்சாங்க. கை தானாப் போயிருச்சு."

"தானாப் போறதுக்கு அது என்ன வேற ஆளு கையா?"

"இரு, சொல்றேன். அங்க இருக்கறப்ப இந்த ஊரு நெனப்பு வந்துட்டாச் சோறு எறங்காது மாப்ள. ஓடி வந்தர்லாம்னு இருக்கும். இங்க வந்து பாத்தா, நான் நெனச்சுட்டு இருந்தது இதுதானான்னு ஒரு சந்தேகம். இது இல்லேன்னா வேற எதுன்னு கேட்டா, அதுவும் தெரியல. காலைல கம்பத்துக்குத் தண்ணி ஊத்தறப்ப அப்படி ஒரு நிம்மதி. பதினோரு மணி ஆனா எதுக்குடா இங்க இருக்கறோம்னு இருக்குது. இதுல நெசமான கைலாசம் எவன்?"

"உனக்குப் போகோணுமா, இருக்கோணுமா? ஒண்ணே ஒண்ணு சொல்லு."

"தெரியல மாப்ள."

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை ஏரிக்குள் தள்ளியிருப்பேன். ஏரியில் தண்ணீர் இல்லை, அதனால் விட்டேன். ஆனால் வண்டியை ஓட்டிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குத் திரும்பும்போது எனக்கும் குழம்பிப் போச்சு. நான் இங்கேயே இருந்தவன். எல்லையைத் தாண்டாதவன். என்னை யாராவது உட்கார வைத்து, இங்கே இருப்பது பிடித்துத்தான் இருக்கிறாயா என்று கேட்டால் நான் மட்டும் பட்டென்று சொல்லிவிடுவேனா? பெரியநாயகி பின்னால் உட்கார்ந்துகொண்டு, ஏன் இப்படி வண்டியை முறுக்குகிறீர்கள் என்று திட்டிக்கொண்டே வந்தாள்.

ஒன்பதாம் நாள் புதன்கிழமை. மறுநாள் மதியம் பெங்களூரில் விமானம் ஏற வேண்டும். விடியற்காலையில் கிளம்பினால்தான் முடியும். பட்டறைக்கு மத்தியானமே பூட்டுப் போட்டுவிட்டு வந்துவிட்டேன். போவதாக இருந்தாலும் நான்தான் காரோட்ட வேண்டும், போகாவிட்டாலும் நான்தான் ஆறுதல் சொல்ல வேண்டும்.

நான் போனபோது கைலாசம் குளித்து, வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசியிருந்தான். முகம் தெளிவாக இருந்தது. எட்டு நாளில் அப்படி ஒரு முகத்தை நான் பார்க்கவில்லை.

"முடிவு பண்ணிட்டேன் மாப்ள. இருக்கறேன். ஜெயப்பிரியாகிட்டயும் சொல்லிட்டேன்."

"என்ன சொன்னா?"

"போனை வெச்சுட்டா."

"ரேகை?"

"போனாப் போவுது. முதலாளிகிட்டச் சொல்லி வேற தேதி கேப்போம். கெடைக்காட்டி எல்லாரும் இங்க வந்துரட்டும். பரீச்சைய எப்படியாச்சும்..." என்று இழுத்தவன் அந்த வாக்கியத்தை முடிக்கவில்லை. "கை நீட்டுனது நானு. எங்கூட்டுக்காக நீட்டுனேன். அதுல இருந்து ஓடுனா நான் எந்த ஊர்க்காரனும் இல்ல. வா, பூசாரியப் பாத்துட்டு வந்துருவோம்."

காப்புக் கட்டின வீட்டார் முறை வைத்து ஆளுக்கு ஒருநாள் கம்பத்துக்குக் காவல் இருப்பது வழக்கம். தன் வீட்டு முறை எந்த நாள் என்று கேட்க வேண்டும் என்றான். போகிற வழியெல்லாம் கையை வீசி நடந்தான். எதிரே வந்தவர்களிடம் எல்லாம் நின்று பேசினான். எனக்கு அவனைப் பார்க்கச் சந்தோசமாகவும் இருந்தது, பயமாகவும் இருந்தது.

ஆண்டி கோயில் மண்டபத்தில் வேப்பிலை ஆய்ந்துகொண்டிருந்தார்.

"வாங்க, வாங்க. நாளைக்குக் கெளம்பறீங்களாமா? அம்மா சொன்னாங்க."

"இல்லீங்க, இருக்கறேன். கம்பம் புடுங்கற வரைக்கும் இருக்கறேன். எங்க ஊட்டுக் காவல் முறை எந்த நாளுன்னு கேட்டுட்டுப் போலாம்னு வந்தேனுங்க."

ஆண்டி வேப்பிலையைக் கீழே வைத்தார். "உங்க ஊட்டு முறை வெள்ளிக்கிழமையே முடிஞ்சுதுங்களே. குமரன் வந்து இருந்துட்டுப் போனாருங்களே."

"குமரன் அவன் ஊட்டுக்கு இருந்திருப்பான்."

"அவரு ஊட்டு முறை நேத்துங்க. வெள்ளிக்கிழமை உங்க ஊட்டுக்குங்க. உங்க ஊட்டுக் காப்பும் அவரு கையிலதானுங்க இருக்குது. ஏழு வருசமா அப்படித்தானுங்க. உங்கப்பாருக்குக் கொள்ளி வெச்சவரு அவருதானுங்களே."

அது உண்மை. என் மாமனார் இறந்தபோது கைலாசம் வந்து சேர மூன்று நாள் ஆகிவிட்டது. உடலை அதுவரை வைத்திருக்க முடியாமல் குமரன்தான் கொள்ளி வைத்தான். கொள்ளி வைத்தவன் கைக்கு அந்த வீட்டுக் காப்பும் போகும் என்பது எனக்குத் தெரியாது. நான் வெளியூர்க்காரன். ஊர்க்காரனான கைலாசத்துக்கும் தெரிந்திருக்கவில்லை.

"அப்ப இது?" என்று கைலாசம் தன் கையைக் காட்டினான்.

ஆண்டி கொஞ்சம் தயங்கினார். நல்ல மனுசன். யாரையும் நோகடிக்கத் தெரியாதவர்.

"நீங்க கை நீட்டிட்டீங்க. நோம்பிக்கு வந்த ஒரம்பரை நீட்டுன கைய வெறுங்கையா உடக் கூடாதுங்களே. அதான் ஒரு கயிறு கட்டுனேனுங்க. அதுக்குக் கட்டுப்பாடு ஒண்ணுமில்லீங்க. நீங்க தாராளமாப் போயிட்டு வாங்க. அன்னிக்கே வேணும்னாலும் போயிருக்கலாமுங்க."

ஒரம்பரை என்றால் எங்கள் பக்கத்தில் விருந்தாளி. கைலாசம் தன் கயிற்றைப் பார்த்தான். தலையை ஆட்டினான். "சரிங்க" என்றான். "வாரனுங்க" என்றான். செருப்பைப் போட்டுக்கொள்ள மறந்து நடந்தான். நான்தான் எடுத்துக்கொண்டு பின்னால் ஓடினேன்.

வீட்டுக்குப் போகும் வழியில் குமரன் பால் தூக்கோடு எதிரே வந்தான். "என்னண்ணா, வேட்டியெல்லாம் பலமா இருக்குது" என்று சிரித்தான். கைலாசம் அவன் வலது கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தான். மணிக்கட்டில் இரண்டு மஞ்சள் கயிறுகள். எட்டு நாளாகக் காலையும் மாலையும் அந்தக் கை எங்கள் முன்னால் பால் ஊற்றியிருக்கிறது. நாங்கள் இரண்டு பேரும் பார்க்கவே இல்லை.

"பெரிம்மாதான் கட்டிக்கச் சொன்னாங்கண்ணா" என்றான் குமரன். தான் ஏதோ தப்புச் செய்துவிட்டது மாதிரி அவன் குரல் இறங்கிப்போனது. கைலாசம் அவன் தோளைத் தட்டிக்கொடுத்துவிட்டு நடந்தான்.

எனக்கு ஆத்திரம் பொங்கியது. யார் மேல் என்று தெரியவில்லை. பூசாரி மேலா? அவர் மரியாதைக்குச் செய்தார். குமரன் மேலா? அவன் சொன்னதைச் செய்தான். எட்டு நாளாக என் மச்சான் தன்னைக் கட்டிப் போட்டுவிட்டார்கள் என்று நெஞ்சு வெந்து கிடந்தானே, கட்டவே இல்லையாமே. இதைத் தெரிந்த ஒரு ஆள் அந்த வீட்டுக்குள்ளேயே உட்கார்ந்திருந்திருக்கிறாரே என்பதுதான் என்னால் தாங்க முடியவில்லை.

மாமியார் கட்டிலில் உட்கார்ந்து புளி கொட்டை எடுத்துக்கொண்டிருந்தார். மகன் உள்ளே வந்த நடையிலேயே அவருக்குத் தெரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். புளித் தட்டைத் தள்ளி வைத்தார்.

"ஆண்டி சொல்லிட்டானா?"

"நம்ம ஊட்டுக் காப்பக் குமரனுக்குக் குடுத்தது ஆரும்மா?"

"நாந்தேன்."

"என்னைய ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல?"

"எங்க வந்து கேக்கறது சாமி? வருசா வருசம் நோம்பி வருது. ஊட்டுக்கு ஒரு ஆம்பள வந்து நிக்கோணும். அவன் நிக்கறான்."

கைலாசம் தரையில் உட்கார்ந்தான். அப்படியே தொப்பென்று, வெள்ளை வேட்டியோடு.

"சரி, அது கெடக்குது. இந்தக் கயிறு செல்லாதுன்னு உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"எப்ப இருந்து?"

"நீ அதக் கட்டிட்டு வந்து வாசல்ல நின்ன பாரு, அப்பவே."

நான் குறுக்கே பாய்ந்துவிட்டேன். "ஏனுங்க அத்தை, எட்டு நாளா இந்தாளு படற பாடு உங்க கண்ணுக்குத் தெரியலீங்களா? அந்தப் புள்ள அங்க இருந்து அழுவுது. ஒரு வார்த்த, ஒரே ஒரு வார்த்த சொல்லியிருந்தா..."

"மாப்ள, நீங்க கொஞ்சம் சும்மா இருங்க" என்றார். அந்த வீட்டில் என்னை அப்படி யாரும் சொன்னதில்லை. நான் சும்மா இருந்தேன்.

கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினார். அறுத்த கண் இன்னும் சிவந்திருந்தது. மகனைப் பார்த்துச் சொன்னார்.

"சொல்லியிருந்தா இந்த எட்டு நாளும் நீ போறவனாட்டவே இருந்திருப்ப. போனைக் காதுல வெச்சுட்டு, பொட்டிய நடு ஊட்டுல போட்டுட்டு. ஒவ்வொரு தடவையும் அப்படித்தேன் வார. வந்த அன்னிக்கே போறவனா வார. இந்த ஒருக்காதேன் இருக்கறவனாட்ட இருந்த. எதுத்தாப்பல உக்காந்து உண்ட. என்ர கண்ணுக்கு மருந்து உட்ட. அது பொய்யின்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் நல்லா இருந்துச்சு சாமி. அதான் சொல்லல."

வெளியே யாரோ டிராக்டரைப் பின்னால் எடுக்கும் சத்தம் கேட்டது. பெரியநாயகி சமையலறை வாசலில் நின்று முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கைலாசத்துக்குக் கோபம் வந்ததா, அழுகை வந்ததா, என்னால் கண்டுபிடிக்க முடியவில்லை. அவனுக்கே தெரிந்திருக்காது.

"நான் போகலீங்கம்மா" என்றான் கடைசியில். "இதுக்குக் கட்டுப்பாடு இல்லைன்னா இல்லாமப் போவட்டும். நானா இருக்கறேன். ஜெயப்பிரியாகிட்டச் சொல்லிட்டேன்."

"திரும்பப் போன் பண்ணு. வாரேன்னு சொல்லு. அவ அழுதுட்டு இருப்பா."

"எதுக்குப் போகச் சொல்றீங்க? நான் இருந்தா நல்லா இருந்துச்சுன்னு இப்பத்தான் சொன்னீங்க. இருன்னு ஒரு வார்த்த சொல்லுங்கம்மா. இருந்தர்றேன்."

மாமியார் கையை நீட்டி அவன் தலையைத் தொட்டார்.

"இருன்னு சொல்லி, நாளைக்கு உனக்கு மனசு மாறி நீ போயிட்டீன்னா, அப்பறம் எனக்கு என்ன இருக்குது? போன்னு சொன்னா நீ போயிருவ. அது எனக்குப் பழகிப் போச்சு சாமி."